பின்நோக்கி இருந்து பிடித்தது

முதல் நாள் இரவே சமன் பார்த்தாயிற்று.
புது லென்ஸ் மூக்குக் கனம்;
கமரா குனிந்து நிலத்தையே பார்த்தபடி நின்றது.
பின்தட்டைக் கடுகளவு தள்ளி,
அதுவும் போதாமல்
பத்து ரூபாய்க் குத்தி இரண்டை ரேப் சுற்றி ஒட்டினேன்.
பற்றரி போடாமலே
விட்ட இடத்தில் நிற்கவேண்டும். அதுதான் கணக்கு.
மோட்டர் திருத்தும், சுமக்காது.
நின்றது.

காலை ஐந்தே முக்கால், பண்ணை.
றொக்சனின் மோட்டச்சைக்கிளில்
அவன் முதுகோடு முதுகு ஒட்டி
வந்த வழியைப் பார்த்து அமர்ந்தேன்.
எங்கள் இடுப்புகளுக்கு ஒரே கயிறு,
அவன் மாமாவின் வள்ளத்துக் கயிறு, மீன் நாறியது.
"விழுந்தா ரெண்டு பேரும்தான்" என்றான்.
நல்ல பகிடி.

விசில்.
இருபத்தேழு சைக்கிள்கள் என்னைத் துரத்தத் தொடங்கின.
முழங்கை விலாவில் முட்டாமல்
மூச்சைப் பாதி விட்டுப் பாதி வைத்து
விளிம்புவரை தேத்தண்ணி ஊற்றிய கோப்பையைப்போல்
அதைப் பிடித்திருந்தேன்.
மூன்று மோட்டர்கள் என் கைக்குள் முணுமுணுத்தன.
வீதி எங்களை உலுப்பியது. பல்லோடு பல் இடித்தது.
சட்டைப்பையில் திறப்புக்கோர்வை சத்தம் போட்டது.
திரைக்குள் ஒன்றுமில்லை:
கடல் ஒரு கோடு.
களங்கண்ணித் தடிகள் ஓரங்களில் முளைத்து
நடுவே போய்ச் சிறுத்தன,
எண்ணெய் பூசி விட்டதுபோல்.

மண்டைதீவுச் சந்தி கழிய கூட்டம் சிதறிவிட்டது.
முன்னுக்கு ஒருத்தி.
பதினான்காம் இலக்கம், விதுர்ஷிகா,
தலை குனிந்து, வாய் திறந்து.
அவளையே பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான்
அவள் காரணமில்லாமல் வளைவதைக் கண்டேன்.
நேர் வீதி, நேர் கடல்.
அவள் மட்டும் இடப்பக்கம் சரிகிறாள், நிமிர்கிறாள்,
வலப்பக்கம் சரிகிறாள்
வெறியில் வருகிற ஆள்போல.

மூன்றாம் தரம் ஓடவிட்டபோது விளங்கியது.
றொக்சன் கிடங்குகளுக்கு விலத்தியிருக்கிறான்.
அவனுடைய வளைவுகளை என் கைக்கருவி
ஒன்று விடாமல் அழித்துவிட்டது.
ஒரு நொடி பிந்தி அவள் வளைந்ததை
அதால் ஒன்றும் செய்ய ஏலவில்லை.
அவள் வீதியைப் பார்க்கவே இல்லை.
எங்கள் பின்சில்லை வாசித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

மண்கும்பானுக்குக் கிட்ட ஒரு நாய்.
றொக்சன் நாயைப் பார்த்தான்.
தொம்.
மோட்டச்சைக்கிளின் தடித்த ரயர் தாண்டிவிட்டது.
என் வாலெலும்பு ஒரு கிழமை நொந்தது,
படத்தில் ஒரு நடுக்கம் இல்லை.
ஒரு நொடி.
பிறகு அவள் தூக்கி எறிபட்டு
கிறவலில் சறுக்கி, சறுக்கி,
நாங்கள் போகப் போக
சின்னதாகிக்கொண்டே போனாள்.
அடிவானம் சரியாக நடுவில்.
கலியாண வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு
நான் ஒருநாளும் எடுத்துக் கொடுக்காத வழுவழுப்பு.
"நில்லடா, நில்லடா" என்று யாரோ கத்துவது கேட்கிறது.
நான்தான்.

நாங்கள் திரும்பிப் போகமுன்
செயினைக் கொழுவிவிட்டாள்.
கறுத்த கையால் விலகச் சொன்னாள்.
நாலாவதாக வந்தாள்.

வேலணையில், முழங்காலில் பஞ்சோடு,
சோடாப் போத்தலைத் திறந்தபடி சொன்னாள்.
கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.
"நீங்கள் நேராப் போனீங்கள்.
நானும் நேரா வந்தனான்."

றொக்சன் எங்கேயோ பெற்றோல் அடிக்கப் போய்விட்டான்.

விழுந்ததை வெட்டச் சொன்னார் கழகச் செயலாளர்.
வெட்டினேன்.
வளைவுகளை விட்டுவைத்தேன்.
பார்த்தவர்கள் ஸ்ரைல் என்றார்கள்.

இந்த வருசமும் அதே கயிறு, அதே நாற்றம்.
கிடங்கு வரமுதல் றொக்சன்
எந்தப் பக்கம் விலத்துகிறானோ
அந்தப் பக்கம் கையை நீட்டுகிறான்.
என் முதுகுக்குப் பின்னால் நீளும் கை
படத்தில் விழாது.
அவளுக்குத் தெரியும்.