கட்டைவிரல்

புதுவயல் மில் களத்தில்
பதினோரு வருஷம் அவித்த நெல் துழாவியதில்
என் விரல் ரேகை
எந்த மூட்டையோடு போனதோ தெரியாது.

பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போன அன்று
கருவி மூன்று முறை சிவந்தது.
சேலையில் துடைக்கச் சொன்னார்கள்,
தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார்கள்.
கடைசியில் கண்ணை அகலத் திறந்து காட்டி
நான்தான் பூமயில் என்று
கவர்மெண்டை நம்பவைத்தேன்.

செட்டிநாட்டு ஓடுதளம்.
யாருடைய சண்டைக்கோ வெள்ளைக்காரன் போட்டது.
எனக்கு விவரம் தெரிந்து அங்கே வந்திறங்கியவை
கொக்கும், ஆட்டு முதுகுக்குக் கரிச்சானும்.
அதன் ஓரத்தில் கூடாரம் அடித்துப்
பத்து நாள் வகுப்பு, மதியச் சோறு,
போக வர பஸ் காசு.
எங்கள் குழுவில் ஏழு பேர் கேட்டோம், எனக்கு விழுந்தது.
பத்தாவது பாஸ் என்ற காகிதம்
டிரங்குப் பெட்டியை விட்டு
அன்றைக்குத்தான் ஒரு வேலைக்காக வெளியே வந்தது.

முதல் மூன்று நாள் கம்ப்யூட்டருக்குள்தான் பறத்தல்.
நாற்பது ட்ரோன் உடைத்தேன்.
திருச்சியிலிருந்து வந்த ஜெபராணி,
என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
கணக்கு வைத்திருந்தாள்:
"அக்கா, இதுவரைக்கும் நாலு கோடி நஷ்டம்."

நாலாம் நாள் நிஜம்.
கைப்பெட்டியில் இரண்டு குச்சி.
இடது கட்டைவிரல் ஏறு என்றால் ஏறும்,
வலது, போ என்றால் போகும்.
ரேகை எங்கே என்று கேட்கவில்லை.
ஆறு விசிறியும்
புழுதியை என் முகத்தில் இறைத்துவிட்டு
மேலே போய் நின்றன.
நின்றன என்றால்,
கயிறில்லாத இடத்தில் கட்டிப்போட்ட மாதிரி.
எனக்கு மூத்திரம் முட்டியது.

பத்து லட்சத்தில் எட்டு அரசாங்கம்,
இரண்டு குழுவின் கடன்.
ஐந்தாம் தேதி தவணை.
ஐப்பசி அடைமழையில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது
மானியக் காகிதத்தில் எங்கேயும் இல்லை.
பேட்டரி பன்னிரண்டு நிமிஷம்தான் தாங்கும் என்பது
இருந்தது, ஆங்கிலத்தில்.

முதல் கூலி சாக்கோட்டையில்.
வயல்காரர் சிங்கப்பூரில் இருந்தபடி
வீடியோ காலில் வரப்பெல்லாம் காட்டச் சொன்னார்.
வரப்பில் சேவுகன் நின்றிருந்தான்.
இருபது வருஷமாக அந்த வயலுக்கு அவன்தான் மருந்தடிப்பான்.
பதினாறு லிட்டர் முதுகில்,
முழங்காலுக்குக் கீழே தோல் வெந்து வெளுத்திருக்கும்.
அவனுக்கு அரை நாள் பிடிக்கும் ஏக்கர்
ஏழு நிமிஷத்தில் முடிந்தது.
நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
திரையில் பேட்டரி சதவீதத்தைப் பார்த்தேன்.
பார்ப்பதற்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த வாரம் அவனே வந்து கேட்டான்:
"அந்த டேங்க்க யாரு ரொப்புறது?"

இப்போது மருந்து கரைப்பதும்
பேட்டரிப் பெட்டியை வண்டியில் ஏற்றுவதும் அவன்.
கூலி முன்னைக்கு நூறு ரூபாய் கம்மி.
முதுகுவலி இல்லை என்கிறான்.
அந்த நூறைப் பற்றி அவன் பேசுவதில்லை,
நானும் எடுப்பதில்லை.

இன்று ரேஷன் கடை.
வைத்தேன், சிவந்தது.
துடைத்து வைத்தேன், சிவந்தது.
பின்னால் வரிசை முனகுகிறது.
இடுப்பில் போன் அடிக்கிறது. கண்டனூர்ப் பக்கம்:
"நாலு ஏக்கர், புகையான் விழுந்திருச்சு,
காத்து எந்திரிக்கிறதுக்குள்ள வரணும் பைலட்டம்மா."
விடிய வர்றேன் என்கிறேன்.
விரல் இன்னும் கண்ணாடி மேல்தான் இருக்கிறது.

"வேற விரல வச்சுப் பாருங்க"
என்கிறார் கடைக்காரர்.