வெளுத்ததைத் தேடு

ஓல்டன்பூர்க். காலை ஐந்து நாற்பது.
ஹுண்டே ஆற்றின் மேல் மழை
தன் ஷிப்டைத் தொடங்கிவிட்டது.
நானும்.

பெட்டியில் பதினேழு குப்பிகள்.
நீல மூடி, மூடியோடு ஒட்டிய சின்னக் கரண்டி,
பக்கவாட்டில் பட்டைக்கோடும் ஓர் எண்ணும்.
பெயர் எனக்குத் தருவதில்லை.
பிறந்த ஆண்டு மட்டும்.

என்ன வேலை என்று
கல்யாண மண்டபங்களில் கேட்பார்கள்.
லேப் என்பேன்.
லேப்பில் என்ன என்பார்கள்.
அதற்குள் பாயசம் வந்துவிடும், நல்லவேளை.

ஆணவம், கன்மம், மாயை என்று
மும்மலம் எண்ணிய மொழி நம்முடையது.
நான்காவதன் கணக்கு
என் மேசைக்கு வருகிறது.

குடல் ஓர் ஊர் என்றால்
ஈ.கோலை அதன் பழங்குடி.
ஏதோ வைட்டமின் சமைக்கும்,
வந்தேறிகளை வாசலில் மறிக்கும்.
எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே முகம்.
அதிலொன்று
மடியில் நஞ்சு முடிந்து வந்திருந்தால்
நுண்ணோக்கிக்குத் தெரியாது.

அதனால் இனிப்பு வைத்துப் பார்க்கிறோம்.
தட்டில் சோர்பிட்டால்.
தின்றது இளஞ்சிவப்பாகும்.
தின்னாதது வெளுத்து நிற்கும்,
பந்தியில் உட்கார்ந்தும்
இலையைத் தொடாத ஆளைப் போல.
வெளுத்ததைத் தேடு:
செய்முறைத் தாளின் முதல் வரி.

போன மாதம் ஒரு செவ்வாய்
2021இல் பிறந்த குப்பி ஒன்று.
சளியும் ரத்தமும்.
மறுநாள் தட்டு முழுக்க இளஞ்சிவப்பு,
பொறுக்க ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை.
"இயல்பான குடல்வாசிகள்" என்று அடித்தேன்.
அனுப்பும் பொத்தானின் மேல் விரல்.

ஏன் நிறுத்தினாய் என்று
டாக்டர் வ்யூப்பெனா பிறகு கேட்டார்.
படிவத்தில் ரத்தம் இருந்தது,
காய்ச்சல் இல்லை என்றும் இருந்தது.
அது எங்கோ உறுத்தியது.
அவ்வளவுதான், வேறு ஞானம் ஒன்றும் இல்லை.

தட்டையே ஒரு வழி வழித்து
பிசிஆரில் ஏற்றினேன்.
இம்கெ தன் பக்கத்து வீட்டு நாயைப் பற்றி
நிறையப் பேசினாள்.
இருபத்தி நான்காம் சுற்றில்
கோடு தரையை விட்டு எழுந்தது.

நஞ்சின் மரபணு.
இனிப்பும் தின்கிற வகை.
எல்லோரோடும் உட்கார்ந்து
எல்லோரையும் போல் சிவந்து
ஏப்பமும் விட்டிருக்கிறது.

வார்டுக்கு ஃபோன் செய்து சொன்னேன்.
எண்ணைத் திருப்பிப் படித்துக் குறித்துக்கொண்டார்கள்.
சிறுநீர் பிரிகிறதா என்று கேட்டேன்,
கேட்கக் கூடாத கேள்வி.
எதிர்முனையில் யாரோ தாளைப் புரட்டும் சத்தம்.
"நேற்றிரவிலிருந்து இல்லை."

அதன்பின் எனக்கு எதுவும் தெரியாது.
முடிவுகள் இங்கிருந்து போகும்,
முடிவு இங்கே வராது.
ஆனால் பாலர் பள்ளிக்குத் திரும்ப
கிருமியற்ற குப்பி காட்ட வேண்டும்.
பிழைத்திருந்தால்
என்னிடம்தான் வர வேண்டும்.
மூன்று வாரம்
எண்களைத் தேவைக்கு மேல் படித்தேன்.

இன்று, பதினேழில் பதினொன்றாவது.
2021. அதே எண்.
மூடியைத் திறந்தேன்.
கெட்டியாக இருந்தது.
நல்ல பழுப்பு, கரண்டி நிமிர்ந்து நின்றது.
"இம்கெ, இங்கே வாயேன்" என்று
சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.
இரண்டு பேரும்
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று
அதையே பார்த்தோம்.

நஞ்சின் கோடு இன்னும் எழுகிறது,
முப்பத்தி ஒன்றாம் சுற்றில், சோம்பலாய்.
இன்னும் வீட்டில்தான் இருக்க வேண்டும், குட்டி.
அடுத்த வாரம் இன்னொன்று அனுப்பு.