சர்வேயர் வரும்வரை

ராத்திரி இரண்டு நாற்பதுக்கு
கம்ப்ரசர் இருமி நின்றது.
விடியுமுன் ஏஜெண்டுக்குப் போன்,
மறுநாள் குளச்சல் தபாலாபீசில் பதிவுத்தபால்.
ஒரு நட்டையும் கழற்றக் கூடாது என்றார்கள்.
பாலிசியின் ஏழாம் பக்கம் இன்னொன்று சொன்னது:
நஷ்டம் பெருகவிடக் கூடாது.

எனவே ஐஸ் பார்களை
பாதி விலைக்கு விசைப்படகுகளுக்கு ஏற்றிவிட்டேன்.
எந்தப் படகு, எத்தனை பார், எவ்வளவு,
எல்லாம் நோட்டில்.
தெறித்து விழுந்த ராடுத் துண்டு
சாக்குக்குள், என் மேசைக்கடியில்.
எழும்போதெல்லாம் காலில் இடிக்கும்.

ஆறாம் நாள் காலை
ததேயு பராமரிப்புப் பதிவேட்டை விரித்துக் காட்டினான்.
கோயில் திருவிழா வாரம்,
எண்ணெய் மாற்றிய கட்டம் காலி.
"எழுதிப் போடுங்கக்கா, ஆரு பாக்கப் போறா?"
பேனாவும் அவனே தந்தான்.

பழைய ரசீதின் பின்னால்
கிறுக்கிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் எழுதியது.

சர்வேயர் சர்க்கரையில்லாமல் டீ கேட்டார்.
நேராக அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார்.
"மாத்தல சார்."
அதையும் எழுதிக்கொண்டார்,
என்ன அழகான கையெழுத்து.

வெளியே ததேயு எதையோ உதைத்தான்.
விற்றது போக மிச்சம்
சாக்கடையைப் பார்த்து
ஓடிக்கொண்டிருந்தது.