அழிக்க வேண்டாம்

மாலை ஐந்தரைக்குப் பிறகு
லங்னாவ் பள்ளிக்கூடத்தில் மிஞ்சுவது
நானும் வாளியும்
வெப்பக் குழாய்களின் முணுமுணுப்பும்.

பதினொன்றாம் அறைக் கரும்பலகையில்
ஒரு மூலையைக் கட்டம் போட்டு
"அழிக்க வேண்டாம்" என்று
ரோத்லிஸ்பெர்கர் ரீச்சர் எழுதிவிட்டுப் போவார்.
பாடம் முடிந்தால் பலகை அழியத்தானே வேண்டும்?
முதல் கிழமை எனக்கு அது பிடிக்கவில்லை.

கட்டத்துக்குள் ஒரு பழைய படம்.
பண்ணை வீட்டு வாசல், ஒன்பது பேர், ஒரு நாய்.
ஓரத்தில், அரையடி தள்ளி, ஒரு பையன்.
சுற்றிலும் பிள்ளைகளின் கையெழுத்தில்
டொச்சில் கேள்விகள்:
படம் பிடிக்கக் காசு கொடுத்தவர் யார்?
எல்லாருக்கும் பெயர் எழுதியவர்
இவனுக்கு மட்டும் ஏன் "பையன்" என்று எழுதினார்?
இவனை எவ்வளவுக்கு விட்டார்கள்?

துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு
அகராதியும் கையுமாக
விளங்கிக்கொள்ள மூன்று மாலை ஆனது.
ஏழைப் பிள்ளைகளை ஊர்ச்சபை ஏலம் விட்டதாம்.
வளர்க்க ஆகக் குறைந்த காசு கேட்டவன்
கூட்டிக்கொண்டு போய் வேலை வாங்கலாமாம்.
இங்கே. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற
இதே பச்சை மேடுகளில்.

நான் படித்த சரித்திரத்தில்
கேள்வி பரீட்சைக்கு மட்டும் வரும்.
ஆயிரத்து ஐந்நூற்று ஐந்து, போர்த்துக்கேயர்.
ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டு, ஒல்லாந்தர்.
இன்றைக்கும் படிக்கட்டுத் துடைக்கையில்
படிக்கு ஓர் ஆண்டாக வாய் தானாக ஒப்பிக்கும்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று எடுத்தவன் நான்.
கப்பலால் இறங்கியவனுக்கு
முதலில் தண்ணீர் கொடுத்தது யார் என்று
ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.
நானும் கேட்டதில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாலாம் மாலை பையனின் காலைப் பார்த்தேன்.
சப்பாத்து பெரிது.
க்ரொய்ஸ்லிங்கன் முகாமில்
அடையாள அட்டைக்குப் படம் பிடித்த அன்று
நான் போட்டிருந்தது வவுனியாக்காரன் ஒருவனின் சேட்டு.
கழுத்தில் இரண்டு விரல் போகும்.

வெண்கட்டியை எடுத்தேன். கை கூசியது.
பிழை டொச்சில் எழுதினேன்:
இந்தச் சப்பாத்து யாருடையது?

மறுநாள் அதன் கீழே நாலு கையெழுத்து.
"பண்ணைக்காரரின் மகனுடையது.
அவன் காலை நாய் மறைக்கிறது, பாருங்கள்."
"வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாகத்தான் வாங்குவார்கள்.
என் அம்மாவும் அப்படித்தான்."
"படத்துக்கு மட்டும் போட்டுவிட்டிருப்பார்கள்."
நாலாவது பச்சை வெண்கட்டியில், எறும்பு எழுத்தில்:
"அவனுடையது இல்லை என்று
உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாளித் தண்ணீர் ஆறிவிட்டது.
என் சேட்டு சான்றாகாது.
அது எனக்கு நடந்தது, அவனுக்கு இல்லை.
மூக்கு முட்டப் படத்தைப் பார்த்தேன்.
சப்பாத்துக் கயிற்றை
கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறான்,
கழன்று விழாமல்.
அதை எழுதினேன்.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
"ஆனால் உறுதியாகத் தெரியாது" என்றும் எழுதினேன்.
அந்த ஒரு சொல்லுக்கு
முன்பு உள்ளங்கையில் அடி வாங்கியிருக்கிறேன்.

இன்றைக்குப் படம் மாறிவிட்டது.
மலைக்குள் ரயில் சுரங்கம் தோண்டியவர்கள்,
ஐம்பது பேர் இருக்கும், ஒருவருக்கும் பெயரில்லை.
கேள்வியும் இன்னும் ஒன்றுகூட இல்லை.
வழக்கமாக நான் வாளி வைக்கிற இடத்துக்கு நேரே
பலகை விளிம்பில்
உடையாத ஒரு வெண்கட்டி.

ஏழு மணி.
மற்ற மூன்று அறையும் அப்படியே கிடக்கிறது.