கள்ளி கதவைத் தட்டுகிறாள்

பீல் நகரம். செவ்வாய், பின்னேரம் இரண்டு மணி.
நூலகத்தின் மேல்மாடி. லிஃப்ட் இருக்கிறது.
அதை முதலில் சொல்ல வேணும்:
போன மாசம் நாங்கள் போன கடை
நிலத்துக்குக் கீழே, பதினெட்டுப் படி,
இரவு எட்டுக்குத் தொடக்கம்.
ஒரு பெடியன் மூச்சு விடாமல் விதி சொன்னான்.
மார்கிறிட் தன் செவிக்கருவியை
மெல்ல அணைத்துவிட்டாள்.

நோயெமி கைபிடி வைத்த நாற்காலிகளைத்
தேடி எடுத்துப் போட்டிருந்தாள்.
தாள்களில் எழுத்து பெரிசாக இருந்தது.
"விதி பிறகு. முதலில் நீங்கள் யார்?"

தாளைப் பார்த்தேன்.
பெயர். இனம். பிறந்த இடம். தொழில்.
கை தானாகப் பைக்குள் போனது,
அடையாள அட்டை தேடி.
இப்படி ஒரு தாளுக்கு முன்னால்
முப்பத்திநாலு வருசத்துக்கு முதல்
ஒரு திகதி பிசகாமல்
மூன்று மணித்தியாலம் கதைத்தவள் நான்.

"பொய் எழுதலாமோ?"
"பொய்தான் எழுத வேணும்."

லூர்தெஸ் மந்திரவாதி.
தாடியும் வேணும் என்றாள்; கொடுத்தாச்சு.
மார்கிறிட் ஒரு கரடி.
கரடியாக மாறுகிறவள் இல்லை, கரடியேதான்.
அப்படி ஒரு வகை புத்தகத்தில் இல்லை.
நோயெமி ஓரத்தில் பென்சிலால் சேர்த்துக்கொண்டாள்.

நான் கள்ளி.

இருபத்தாறு வருசம் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
எறும்பின் கண்ணளவு ஆணிகளை எண்ணினவள்.
ஒவ்வொரு பின்னேரமும் வாசலில்
பையைத் திறந்து காட்டினவள்:
சோற்றுப் பெட்டி, குடை, பஸ் அட்டை.
ஒரு ஆணி எடுத்ததில்லை.
அதனால் எழுதினேன், தாள் கிழிய அழுத்தி எழுதினேன்:
தொழில், களவு.
இருபத்தாறு வருச அனுபவம்.
பிடிபட்டதே இல்லை.

குகை. ஈரம். முடிவில் ஒரு கதவு.
உள்ளே பூதம்.
"என்ன செய்கிறீர்கள்?"
கரடியும் தாடியும் என்னைத் திரும்பிப் பார்க்கின்றன.
பூட்டு என்னுடைய துறை.

தட்டுகிறேன் என்றேன்.

"கள்ளி தட்டுவாளோ!"
லூர்தெஸ் இல்லாத தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
உடைக்கத் தெரியும் என்றேன்.
ஆனால் உள்ளே ஆரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்?

நோயெமி புத்தகத்தைப் புரட்டினாள்.
உதைக்க ஒரு விதி, எரிக்க ஒரு விதி,
கோடரிக்கு அரைப் பக்கம்.
தட்டுவதற்கு ஒன்றும் இல்லை.
"சரி, உருட்டுங்கள்.
பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் திறக்கும்."

இருபது முகக் கட்டை.
தாயக்கட்டைக்கு நாலு முகம், போட்ட இடத்தில் கிடக்கும்.
இது ஓடியது, மேசை விளிம்பு தாண்டி,
தேநீர்க் கோப்பைகளைத் தாண்டி,
ஹீட்டருக்கு அடியில்.

நாலு பேருக்கும் சேர்த்து
மடங்கக்கூடிய முழங்கால் இரண்டு.
இரண்டும் நோயெமியுடையவை.
தரையில் படுத்து ஃபோன் வெளிச்சத்தை அடித்தாள்.
"தெரியுது. பதி..."

"சொல்லாதே," என்றது கரடி.
"கொஞ்சம் பொறு."

மழை பிடித்திருந்தது வெளியே.
பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிசம்.
கதவுக்கு அந்தப் பக்கம் பூதம்
எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு
ஆர் என்று கேட்க வாயெடுக்கிறது.