பெண்: தெரியவில்லை

நீளம் மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
தலை, மார்பைவிடச் சற்றே குறுகியது.
நெற்றியில் காய்ந்த மஞ்சளாய் இரண்டு பொட்டு.
இடப்பக்கத்துப் பொட்டு சிதைந்திருப்பது
இயற்கையன்று,
என் இடுக்கி செய்த வேலை.

கிடைத்தது ஒரே ஓர் ஆண்.
கொடிமலையின் வடசரிவில்
ஏழாவது வளைவுக்குக் கீழே
காட்டு இஞ்சியின் இலையடியில்
தலைகீழாய்ச் சாறு குடித்துக்கொண்டிருந்தவன்.
உறிஞ்சுகுழாயின் ஒரு முனை அவன்மேல்,
மறுமுனை என் வாயில்.
ஒரு மூச்சு, அவ்வளவுதான்.
இன்று பசை தடவிய அட்டை முக்கோணத்தில்
சிவப்புச் சீட்டோடு நிற்கிறான்,
இனத்துக்கே மாதிரி.
இனிப் பிறக்கப்போகும் அத்தனை பேரும்
இவனைப்போல் இருந்தாக வேண்டும்.

வயிற்று நுனியை வெட்டிக்
காரநீரில் ஊறவைத்தால்
சதை கரைந்து கண்ணாடியாய் மிஞ்சும் ஒரு கொக்கி.
அதன் வளைவில்தான்
அக்கரைச் சொந்தங்களிலிருந்து பிரிகிறான்.
அக்கரை என்றால் பட்டர்வொர்த்.
பாலத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம்,
இவனுக்குப் பல்லாயிரம் ஆண்டு.

தீவின் பெயரையே வைத்துவிட்டு
மீ கோரெங் சாப்பிடப் போகலாம் என்கிறான் ஹஃபீஸ்.
பசியோடு பெயர் வைக்கக்கூடாது என்று
அவனை மட்டும் அனுப்பினேன்.

இவர்கள் காற்றில் பேசுவதில்லை.
வயிற்றை அதிரவைத்துத்
தண்டின் வழியே அனுப்புகிறார்கள்.
செடிதான் தந்தி.
சூலியா தெருவில் கிட்டார் பழுதுபார்க்கும்
கியான் ஹுவாட்டிடம் ஒட்டு மைக் வாங்கினேன்.
என்ன வாத்தியம் என்றார்.
இஞ்சி என்றேன்.
பதினொரு வெள்ளி குறைத்துக்கொண்டார்.

பிடிபடாத இன்னொருவன்
அன்றிரவு பேசினான்.
டிர்ர்.
நான்கு நொடி நிறுத்தம்.
டிர்ர்.
நாற்பது நிமிடம் இப்படியே.
அந்த நிறுத்தத்துக்காகத்தான்
எக்ஸ்பெக்டன்ஸ் என்று பெயர் வைத்தேன்,
லத்தீனில் காத்திருப்பவன்.

நவம்பரில் சரிவு இறங்கியது.
மூன்றாம் வாரம் பாதை திறந்தபோது
வளைவு இருந்தது, இஞ்சி இல்லை.
சிவப்பு மண், அதன்மேல் நீலத் தார்ப்பாய்.
தார்ப்பாய் ஓரத்தில்
இரண்டே இலையோடு ஒரு முளை.
மைக்கை ஒட்டினேன்.
டிர்ர்.
நிறுத்தத்துக்குள்
தாழ்வாய், தடிப்பாய், வேறொன்று.
கீழே மண் அள்ளும் லோரியாக இருக்கலாம்.
என் கட்டைவிரல் நாடியாகவும் இருக்கலாம்.

இலையைத் திருப்பினேன்.
பொட்டில்லாமல், பருத்து, சாம்பல் நிறத்தில்
என்னைப் பார்த்தது.
பார்த்தது என்றெல்லாம் நான் எழுதக்கூடாது.
குழாயை வாய்க்குக் கொண்டுபோனேன்.
பிடித்திருப்பேன், அதில் சந்தேகம் வேண்டாம்.
தத்திவிட்டாள்.

மணி இரண்டு.
கட்டுரையில் அந்த வரிக்கு வந்து நிற்கிறேன்.
கேட்டது சான்றில்லை.
கண்டது சான்றில்லை.
அட்டையில் ஒட்டியது மட்டும்தான்.
தட்டச்சினேன்:
பெண்: தெரியவில்லை

முற்றுப்புள்ளி வைக்க மனமில்லை.
காலையில் ஹஃபீஸ் வைத்துவிடுவான்,
நிறுத்தக்குறிகளில் அவன் கறார்.