ங்க

செக்காலை ரோட்டைத் தனியாகக் கடக்க
உமையாளுக்கு இன்று அனுமதி.
ஏழு வயது முடிந்து பதினொரு நாள்.
வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், மறுபடியும் வலப்பக்கம்,
மீதிச் சில்லறையை எண்ணி வாங்கு,
தெரியாதவர் கூப்பிட்டால் போகாதே:
ஒரு வாரமாக நானும் அவள் அம்மாவும்
மாற்றி மாற்றி ஒப்பிக்க வைத்த பாடம்.

நூறு ரூபாயும் மஞ்சப்பையும் கொடுத்து அனுப்பிவிட்டு
முப்பதடி பின்னால், முட்டை வண்டி மறைவில்
நான்.

எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.
கண்டனூர் பஸ் போகும்வரை நின்றாள்.
மருந்துக்கடை வாசலில்
"குட் மார்னிங் அங்கிள், சாப்ட்டீங்களா?"
எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

தெருவுக்குத் தெரு நீண்ட பெரிய வீட்டின்
பின்கட்டுச் சுவர் முடிகிற இடத்தில் இஸ்திரி வண்டி.
இடுப்பில் கை வைத்து நின்றாள்.
"முத்திருளு, அப்பா சட்டை ஆச்சா?
நேத்தே சொன்னேன்ல. என்னதான் பண்றே நீ?"

கரியை விசிறிக்கொண்டிருந்த முத்திருளாண்டிக்கு
என் அப்பா வயது.
சிரித்தார். "இந்தா, ஆச்சு பாப்பா."

குரல் அவளுடையது.
இழுவை என்னுடையது.
இடுப்பில் அந்தக் கையும்.
பைக்கை அணைக்காமலே தினமும் நான் எறிந்துவிட்டுப் போனதை
பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்து
எழுத்துப் பிசகாமல் படித்திருக்கிறாள்.
பள்ளிப் புத்தகத்திலும் மரியாதைக்கு ஒரு பாடம் உண்டு.
அதில் பத்துக்குப் பத்து.

வீட்டுக்கு வந்ததும் கண்டிக்க வாயெடுத்தேன்.
எந்த வாயால்?

மறுநாள் இருவருமாகப் போனோம்.
வண்டியை அணைத்தேன். ஸ்டாண்டு போட்டேன்.
"எப்படி இருக்கீங்க, அண்ணே?"
அந்த 'ங்க'
புதுச்செருப்பு மாதிரி கடித்தது.

முத்திருளாண்டி பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.
முகத்தில் கலவரம்.
"என்ன சார், சட்டை எதுவும் தீஞ்சிருச்சா?"

இல்லை என்றேன்.
எதுவுமே இல்லை என்றேன்.
நம்பவில்லை. அன்றைக்குக் காசு வாங்கிக்கொள்ள
மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது.
உமையாள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்,
மறுபடியும் என்னைப் பார்த்தாள்,
ரோடு கடக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

வழியெல்லாம் பேசவில்லை.
வாசலில் செவலை நாய் குறுக்கே படுத்திருந்தது.
"கொஞ்சம் நகருங்க" என்றாள்.

நகரவில்லை.

மறுபடியும் சொன்னாள்.